மீந்த மாத்திரைகள் எங்கே செல்கின்றன?

பல இல்லங்களின் மருந்துப் பெட்டியில் பாதி பாவித்த அமொக்சிசிலின் அட்டை ஒன்று கிடப்பதுண்டு. ஒவ்வாமை கண்டு மருத்துவர் மருந்தை மாற்றியதால் மீந்ததாக அது இருக்கலாம். விடுமுறையில் கொழும்பிலோ சென்னையிலோ வாங்கி, அவசரத்துக்கு உதவும் என்று கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். காலாவதியானதும் அது குப்பைத் தொட்டிக்கோ மலசலகூடத்துக்கோ போய்ச் சேர்கிறது. நீரில் விட்டுவிட்டால் பிள்ளைகள் கையில் அகப்படாது என்பது நல்ல எண்ணமே. ஆயினும் மருந்து அத்துடன் மறைந்துவிடுவதில்லை.

மேலே செல்லுமுன் ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டும். தமிழில் ‘எதிர்ப்பு’ என்ற சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. உடலின் காவல் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’. பாக்டீரியாவை அழிக்கும் மருந்து ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’. அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் இயல்பு ‘மருந்து எதிர்ப்பு’. இதனாலேயே “என் உடம்புக்கு அந்த மருந்து பழகிவிட்டது” என்று பலர் கூறுகின்றனர். பழகுவது உடம்பன்று, பாக்டீரியா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் உட்கொள்ளாதவருக்கும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றலாம். இதனைக் குடும்பத்தில் ஒருவருக்கேனும் விளக்கிச் சொல்வது பயனுள்ளது.

மருந்தும் அதன் எதிர்ப்பும் மனிதர் படைத்தவை அல்ல. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமானவற்றுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோமைசிஸ் எனும் மண் பாக்டீரியா இனம். அதே இனமே நாம் பயன்படுத்தும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றின் தாயகம். காசநோய்க்கு முதன்முதலாகப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், 1943-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மண்ணில் வாழும் இத்தகைய உயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தன் அயலிலுள்ள நுண்ணுயிரிகளை அடக்கும் பொருளை ஓர் உயிரி சுரந்தால், அதனிடமிருந்து தப்பும் வழியை மற்றவை காலப்போக்கில் அடைகின்றன. கனடாவின் யூகொன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் பெனிசிலின் வகைக்கும் டெட்ராசைக்கிளினுக்கும் வான்கோமைசினுக்கும் எதிரான மரபணுக்கள் இருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் உள்ளது என 1940-இலேயே ஒக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அறிவித்திருந்தனர். அங்கு முதல் நோயாளிக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அவ்வாறெனில் இன்று கவலை எதற்கு? அளவே காரணம். இயற்கையில் மண்துகளின் இடுக்கில் சிறு துளியாகச் சுரந்த பொருளை மனிதர் தொழிற்சாலைகளில் பெருந்தொகையாகச் செய்து மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் பண்ணைகளிலும் பயன்படுத்துகின்றனர். உட்கொண்ட அமொக்சிசிலினின் பெரும்பகுதி மாற்றமடையாமல் சிறுநீருடன் வெளியேறுகிறது. அது சுற்றுச்சூழலில் ஒப்பீட்டளவில் விரைவாகச் சிதையும். சிப்ரோஃப்ளொக்சசின் அத்தகையதன்று: கழிவுநீர்ச் சேற்றில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் நிலைக்கிறது. அச்சேறு பதப்படுத்தப்பட்டு வயல்களுக்கு உரமாகச் செல்வதும் உண்டு. கழிவுநீர் நிலையங்கள் மலக்கழிவையும் கரிமப் பொருட்களையும் குறைப்பதற்கென அமைக்கப்பட்டவை. மருந்துகளை நீக்குவது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை.

ஆற்றில் கலக்கும் மருந்தின் செறிவு மிகச் சொற்பம். பாக்டீரியாவைக் கொல்ல அது போதாது. பலருக்கு இது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் கொல்லும் அளவுக்கு வெகு கீழான செறிவிலும், எதிர்ப்பு மரபணு உள்ள பாக்டீரியாவே மற்றவற்றை முந்திப் பெருகுகிறது என ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அத்துடன் பாக்டீரியாக்கள் பரம்பரைச் சொத்தைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுச்செல்பவை அல்ல, அயலவருக்கும் கொடுப்பவை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தை ஓர் இனம் முற்றிலும் வேறான இனத்துக்கு வழங்க முடியும். தீங்கற்ற மண் பாக்டீரியாவிடமிருந்த மரபணு, சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ. கோலையை அடைவதற்கு இவ்வழி போதும். குடலிலிருந்து வந்த பாக்டீரியாவும் மருந்தின் எச்சமும் ஒன்றாக ஓடும் கழிவுநீர், இப்பரிமாற்றத்துக்கு மிகவும் வசதியான இடமாகும்.

இலண்டனின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலக்கழிவும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால், வீடுகளுக்குள் திரும்பாதிருக்க, சுத்திகரிக்கப்படாத நீர் ஆற்றில் திறந்துவிடப்படும். இதனைக் குறைப்பதற்கே தேம்ஸின் கீழ் 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கக் குழாய் கட்டப்பட்டு, 2025 பெப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. நீரில் இறங்குவோருக்கு இதனால் என்ன நேர்கிறது என்பதை எக்சிற்றர் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு காட்டுகிறது: கடலலையில் அடிக்கடி சறுக்கி விளையாடுவோரில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரின் குடலில் செஃபோடாக்சிம் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை இருந்தது, மற்றோரில் அது 3 விழுக்காடு. குடலில் அது இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. ஆயினும் பின்னர் தொற்று ஏற்பட்டால் வழமையான மருந்து பயனற்றுப் போகலாம்.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருப்பது நன்று. இங்கிலாந்தில் குளிப்பதற்குரிய நீர்நிலைகளில் ஈ. கோலையும் எண்டெரோகொக்கையும் எண்ணப்படுகின்றன; அவை மருந்துக்கு அடங்குமா என்பது அந்த அளவுகோலில் இல்லை. ‘மிகச் சிறந்தது’ என்ற பலகை இவ்விடயத்தில் எதையும் கூறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் புதுப்பித்த நகரக் கழிவுநீர்ச் சட்டம், பெரிய நகரங்களின் கழிவுநீரில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்குமாறு பணிக்கிறது. ஒன்றியத்தை விட்டு விலகிய இந்நாட்டை அது கட்டுப்படுத்தாது. கால்நடைகளைப் பொறுத்தவரை இங்கு முன்னேற்றம் உண்டு. 2024 மே மாதம் முதல், விலங்குகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லியை வழக்கமாகக் கொடுப்பதும், பண்ணையின் சுகாதாரக் குறைவை அம்மருந்தால் ஈடுசெய்வதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

மிகக் கடுமையான மாசு உற்பத்தி நடக்கும் இடங்களிலேயே காணப்பட்டது. ஐதராபாத் அருகே பட்டன்செருவில் ஏறத்தாழ 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், ஒரு லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளொக்சசின் இருந்தது என 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மருந்து உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதிலும் அது அதிகம். இந்தியாவில் செய்யப்படும் மருந்துகளை வாங்கும் நாடுகளுள் பிரித்தானியாவும் ஒன்று என்பதால், அதனை அயலூர்ச் செய்தி என்று தள்ளிவிட இயலாது.

தாயகம் சென்று வருவோருக்கு இன்னொரு விடயமும் உண்டு. நெதர்லாந்துப் பயணிகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், தெற்காசியா சென்று வந்தோரில் நான்கில் மூவரின் குடலில் பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா புதிதாகக் குடியேறியிருந்தது. பெரும்பாலானோரிடம் அது சில மாதங்களுக்குள் மறைந்தது. பயணத்தில் வயிற்றுப்போக்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தவர்களுக்கு இவ்வாய்ப்பு கூடியது. எனவே திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், அல்லது அறுவைச் சிகிச்சைக்குச் செல்ல நேர்ந்தால், எந்த நாட்டில் இருந்தீர்கள், அங்கு மருத்துவமனையில் தங்கினீர்களா என்பதை மருத்துவரிடம் தாமாகவே கூற வேண்டும். அது குற்ற ஒப்புதல் அன்று. சரியான மருந்தைத் தெரிவதற்கு உதவும் தகவல்.

2019-இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இடுப்பு மூட்டு மாற்றுதல், புற்றுநோய்ச் சிகிச்சை, குறைமாதக் குழந்தையைக் காத்தல் ஆகிய எல்லாமே நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் நடப்பவை.

குடியிருப்பாளர்கள் செய்யக்கூடியவை எளியவை. தடிமனுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். அவற்றுக்கு இம்மருந்து பயன்படாது. கொடுக்கப்பட்ட மருந்தைக் கூறப்பட்ட நாட்கள் வரை எடுக்க வேண்டும், பிறருக்குப் பகிரலாகாது. தொண்டை நோவு, பிள்ளைகளின் காதுவலி, பெண்களின் எளிய சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு நோய்களுக்கு, வயது முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தின் மருந்தகங்களிலேயே ஆலோசனையும், தேவையாயின் மருந்தும் பெறலாம். ஆகவே ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைத் தேடவேண்டிய தேவை குறைவு. குடும்ப மருத்துவரிடம் நேரம் பதியும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்.

மீந்த, காலாவதியான மருந்துகளை அண்மையிலுள்ள எந்த மருந்தகத்திலும் கட்டணமின்றி ஒப்படைக்கலாம். அங்கு வாங்கியிருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மருந்தாயினும் கேட்டுப் பார்க்கலாம். அவை எரித்து அழிக்கப்படும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், பெட்டியிலுள்ள பெயரையும் முகவரியையும் மட்டும் மறைத்துக் கொண்டுசெல்வது நன்று. இன்சுலின் ஊசி போன்ற கூரிய பொருட்களை அவற்றுடன் சேர்க்கலாகாது. அவற்றுக்கு மஞ்சள் நிறப் பெட்டி தனியாக உண்டு.