கசாயமும் கீமோவும்: டாக்டரிடம் மறைக்கக் கூடாத விஷயம்

கேன்சரைக் குணமாக்கும் மருந்து தன்னிடம் இருப்பதாக ஒருவர் விளம்பரம் செய்தால், அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் முன்பே அவர் சட்டத்தை மீறிவிட்டார். 1954-இல் நாடாளுமன்றம் இயற்றிய மருந்துகள், மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் நோய்ப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் உள்ள நோய்களைக் குணமாக்கும், தணிக்கும், வராமல் தடுக்கும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அலோபதி, சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி, மந்திரித்த தாயத்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நோட்டீஸ், லேபிள் மட்டுமல்ல, வாய்மொழி அறிவிப்பும் ஒலி, ஒளி வழியாகச் சொல்வதும் சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். முதல் முறை தண்டனை பெற்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டதும் அதே 1954-இல்தான். எழுபது ஆண்டுகளில் சிகிச்சை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ‘மூன்றே மாதத்தில் கட்டி கரையும்’ என்ற பேச்சும் கூடவே வளர்ந்து, இன்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் உலவுகிறது.

ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள்?

அறியாமை என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயம் பயாப்சியிலேயே தொடங்குகிறது. ‘கரண்ட் வைத்தால்’, அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், உடம்பு வெந்துவிடும் என்கிறார்கள். கீமோவில் முடி கொட்டும், வாந்தி வரும் என்பது நேரில் பார்த்த உண்மை. இதோடு செலவு, பயணம், வேலை இழப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. நாட்டு வைத்தியரோ உட்காரவைத்து நாடி பார்த்து, நம்பிக்கையாக நாலு வார்த்தை பேசுகிறார். நோயாளி தேடிப் போவது பெரும்பாலும் அந்தப் பேச்சைத்தான்.

பச்சிலை மருந்து என்பதற்காக எதுவும் தாழ்ந்துவிடாது. நம் ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முக்கியமான மருந்து. ஆனால் அதில் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தையின் உடல் பரப்பைக் கணக்கிட்டு, மில்லிகிராம் அளவில், ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். அதே செடியைக் கொதிக்க வைத்துக் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. எவ்வளவு நச்சு உள்ளே போகிறது என்பதும் தெரியாது.

சிகிச்சைக்குப் பதிலாக எடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதல் ஆய்வில், உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாத மார்பக, புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய் இருந்தும் வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவத்தை நாடியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல்.

இரண்டாவது ஆய்வு இன்னும் கூர்மையானது. அதில் இருந்தவர்கள் ஏதோ ஒரு வழக்கமான சிகிச்சை பெற்றபடி, கூடவே துணை மருத்துவமும் எடுத்தவர்கள். அவர்களிடமும் இறப்பு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் தேடியபோது, அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவையும் 53 சதவீதம் பேர் கதிர்வீச்சையும் மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 2, 3 சதவீதம்தான். இந்த மறுப்பையும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்ததும் இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு நிற்கவில்லை. அதாவது, உள்ளே போன கசாயத்தைவிடப் போகாமல் நின்ற சிகிச்சைதான் உயிரைக் குடித்திருக்கிறது.

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தன் மனைவியின் முற்றிய புற்றுநோய் குணமாக மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை கொண்ட உணவுமுறை உதவியதாகச் சொன்னார். அவருடைய மனைவிக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. செய்தி பரவும்போது அந்தப் பாதி காணாமல் போனது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, இதற்கு ஆதாரம் இல்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது.

கூடவே எடுத்தால்?

கீமோவை நிறுத்தாமல் ‘சும்மா சத்துக்கு’ எடுப்பதிலும் கவனம் வேண்டும்.

• *மருந்தோடு மோதல்:* மையலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டிசோமிப் மருந்தை கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் செயலிழக்கச் செய்வதை ஆய்வகச் சோதனைகளில் கண்டார்கள். பூண்டு, மீன் எண்ணெய் மாத்திரைகளை அதிக அளவில் எடுத்தால் அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கு கூடலாம்.

• *கல்லீரல்:* கீமோ மருந்துகள் பலவற்றைக் கையாளும் உறுப்பு அது. சீந்தில், மஞ்சள் சாறு மாத்திரை ஆகியவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. ஈரல் நொதிகள் ஏறினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

• *உலோகங்கள்:* பற்பம், செந்தூரங்களில் பாதரசமும் பாஷாணமும் சேர்வதுண்டு. 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

• *முள் சீத்தா:* ‘கீமோவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை’ என்று பரப்பப்படும் பழம். சோதனைக் குழாயில் செல்கள் செத்தன என்பதிலிருந்து கிளம்பிய கதை இது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இதன் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு கூடுதலாகத் தென்பட்டது.

• *பச்சைச் சாறுகள்:* கீமோவுக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும். கழுவாத அருகம்புல், கோதுமைப்புல் சாற்றில் இருக்கும் கிருமி அப்போது உயிருக்கே ஆபத்து.

• *கடும் பத்தியம்:* பால், முட்டை, மீன், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினால் நோய்க்கு முன் நோயாளி மெலிகிறார். எடை இறங்கினால் முழு அளவு மருந்தைத் தாங்க முடியாமல் போகும்.

இன்னொன்று, கலப்படம். பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சில நாள் நன்றாகப் பசிக்கும், வலி குறையும், முகம் தெளியும். ‘மருந்து வேலை செய்கிறது’ என்று வீடே நம்பும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யோகா, தியானம், மிதமான உடற்பயிற்சி ஆகியவை சிகிச்சைக் காலத்துச் சோர்வையும் பதற்றத்தையும் குறைக்க உதவுவதற்கு நல்ல ஆதாரம் உண்டு. சிலவகை வலிக்கு அக்குபங்சரும் உதவுகிறது. புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டு நெறிமுறைகளே இவற்றைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் இவை நோயாளிக்குத் துணையாக நிற்பவை; கட்டியைக் கரைப்பவை அல்ல.

உங்கள் உரிமைகள்

நோய் எந்த நிலையில் இருக்கிறது, சிகிச்சையின் பலன் என்ன, பக்கவிளைவு என்ன, வேறு வழி உண்டா என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமை சாசனம் இதையும் இரண்டாவது கருத்து கேட்கும் உரிமையையும் சொல்கிறது. பயாப்சி முடிவு உள்ளிட்ட ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுக்க விதி. சிகிச்சையை மறுக்கவும் வயது வந்தவருக்கு உரிமை உண்டு. மறுத்துப் போனவர் மனம் மாறித் திரும்பி வந்தால், திட்டு வாங்கப் பயந்து வெளியே நிற்கத் தேவையில்லை.

சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமும் இதே உரிமைகள் உண்டு. அவர் பட்டம் பெற்றவரா, மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பரம்பரை வைத்தியர் என்ற ஒன்றை வைத்து, உரிய தகுதியில்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மருந்துப் புட்டியில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். பாதரசம், சேராங்கொட்டை போன்ற நச்சுப் பட்டியல் பொருள் சேர்ந்திருந்தால், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் கட்டாயம். விதி அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதச் சொல்கிறது. தமிழில் எழுதச் சொல்லவில்லை. எனவே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். காகிதத்தில் மடித்துத் தரும் பொடியில் இந்த விவரம் எதுவும் இருக்காது. வாங்காமல் திரும்புவதற்கு அதுவே போதுமான காரணம்.

ஏமாந்துவிட்டால்

மருந்தின் மீதியைக் கொட்டிவிடாதீர்கள். புட்டி, ரசீது, பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து, விளம்பரம் தொடர்பான புகாரை மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமோ, சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறைத் தலைமை அலுவலகத்திலோ கொடுக்கலாம். போலி மருத்துவர் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பணத்துக்கும் பாதிப்புக்கும் இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைத்த பிரபலத்துக்கும் அபராதம் விதிக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது

வீட்டில் எடுக்கும் பொடி, கசாயம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை கேன்சர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். “இதெல்லாம் எடுக்கிறோம் டாக்டர், எதை நிறுத்தணும்?” என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையில் வரும் மாற்றத்துக்குக் காரணம் தெரியாமல் அவர் தடுமாறுவது அதைவிட மோசம்.

செலவுதான் தடை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. விவரத்துக்கு 104-ஐ அழைக்கலாம். நோய் முற்றி, குணமாக்க வழியில்லை என்று சொல்லிவிட்டாலும் மருத்துவம் அங்கே முடிவதில்லை. வலியைத் தணிக்க மார்பின் மாத்திரை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று நினைத்து கடைசி நிலத்தை விற்று மாயப்பொடி வாங்கும் முன், ‘வலி நிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது?’ என்று மருத்துவமனையில் ஒரு முறை கேளுங்கள்.