கடலடிச் சேற்றில் ஒரு குட்டி சாட்சி!

குளத்துச் சேற்றை நீளமான குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? 'குபுக் குபுக்' என்று குமிழிகள் மேலே வரும். அவற்றில் பெரும்பகுதி மீத்தேன் என்ற வாயு. மட்கிப்போன இலை தழைகளிலிருந்து நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன. சாண எரிவாயு அடுப்பில் நீல நிறமாக எரிகிறதே, அதுவும் மீத்தேன்தான்.

கடலுக்கு அடியிலும் சேறு உண்டு. அங்கேயும் மீத்தேன் உண்டாகிறது. ஆனால் ஆழ்கடலில் குளிர் அதிகம். மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தமும் அதிகம். அதனால் மீத்தேன், தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்துவிடுகிறது. இதற்கு மீத்தேன் ஹைட்ரேட் என்று பெயர். பார்த்தால் ஐஸ்கட்டி, தீக்குச்சியைக் காட்டினால் பற்றி எரியும்! ஒரு கன மீட்டர் கட்டிக்குள் சுமார் 160 கன மீட்டர் வாயு அடைந்து கிடக்கிறது.

கடல் சூடாகி இந்தக் கட்டிகள் கரைந்தால் என்ன ஆகும்? மீத்தேன் சாதாரண ஆள் இல்லை. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 25 மடங்குக்கும் மேல் வலிமையுள்ளது. அப்படியானால், முன்பு எப்போதாவது இந்த வாயு கடலடியிலிருந்து கசிந்ததா? அன்று இருந்தவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது. கடுகைவிடச் சின்ன சாட்சி!

அதன் பெயர் ஃபோராமினிஃபெரா. 'துளைகளைத் தாங்கியது' என்று பொருள். ஒரே ஒரு செல் உள்ள உயிரி. பலவகை ஃபோராமினிஃபெராக்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கின்றன. சிலவற்றின் ஓடு நத்தை போலச் சுருண்டிருக்கும். சில, பாப்கார்ன் போல உப்பியிருக்கும். ராமேசுவரம் பக்கம் போனால் ஒரு பிடி கடற்கரை மணலை எடுத்து லென்ஸ் வழியே பாருங்கள். மணல் என்று நினைத்தவற்றில் சில, இந்த ஓடுகளாக இருக்கும். (நான் முதன்முதலில் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.)

உயிரி இறந்ததும் ஓடு சேற்றில் புதைகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டின் சேறு. அதன்மேல் மறு ஆண்டின் சேறு. ஆகவே ஆழமாகத் தோண்டத் தோண்டப் பழைய காலத்து ஓடுகள் கிடைக்கும்.

சரி, ஓடு எப்படிச் சாட்சி சொல்லும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கார்பன் அணுக்களில் எடை குறைந்தவை, எடை கூடியவை என்று இரண்டு வகை உண்டு. கார்பன்-12, கார்பன்-13 என்பார்கள். பொதுவாகப் பத்தாயிரம் கார்பன் அணுக்களை எண்ணினால் சுமார் 110 மட்டுமே கனமான வகை. ஆனால் நுண்ணுயிரிகளுக்கு லேசான கார்பன்தான் பிடிக்கும். அதனால் அவை உண்டாக்கும் மீத்தேனில் கனமான அணுக்கள் 104 அளவுக்குக் குறைந்துவிடும். அந்த மீத்தேன் கசியும்போது வேறு நுண்ணுயிரிகள் அதைத் தின்கின்றன. அதிலிருந்த லேசான கார்பன் தண்ணீரில் கலக்கிறது. அதே தண்ணீரிலிருந்துதானே நம் குட்டி உயிரி ஓடு கட்டுகிறது? ஓட்டில் கனமான கார்பன் குறைந்திருந்தால், அந்தக் காலத்தில் அங்கே மீத்தேன் கசிந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் சான்டா பார்பரா படுகை என்ற கடல் பள்ளம் இருக்கிறது. ஆழம் சுமார் 580 மீட்டர். அதன் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. புழு, நண்டுகள் அங்கே அதிகம் வாழ முடியாது. சேற்றைக் கிளறிக் கலைக்க ஆள் இல்லை! அதனால் சேறு பாய் அடுக்கியதுபோல அடுக்கடுக்காகவே இருக்கிறது. 1992-ல் 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' என்ற கப்பல் அங்கே துளையிட்டு, ஏறக்குறைய 200 மீட்டர் நீளத்துக்குச் சேற்றை உருளை உருளையாக எடுத்தது.

இப்படி எடுக்கும் சேற்றைக் கழுவிச் சல்லடையில் சலிப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபடியே, ஈரமான மெல்லிய தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். அரிசியில் கல் பொறுக்கவே அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைத்துப் பாருங்கள்! பிறகு கருவி, ஓட்டின் கார்பனை எடைவாரியாகப் பிரித்துச் சொல்லும்.

ஜேம்ஸ் கென்னட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். கடந்த 60,000 ஆண்டுகளில் பூமி வெதுவெதுப்பான காலங்களில் எல்லாம், கடலடியில் வாழ்ந்த வகைகளின் ஓடுகளில் கனமான கார்பன் குறைந்திருந்தது. சில சமயம், மேலே மிதந்து வாழ்ந்த வகைகளிலும் குறைந்திருந்தது. அப்படியானால் கசிவு அடியோடு நிற்காமல் மேலேயும் வந்திருக்கிறது. கடலடி மீத்தேன்தான் அன்று பூமியையே சூடாக்கியது என்று கென்னட் வாதாடினார்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா? இல்லை! கிரீன்லாந்து பனிக்கட்டியில் பழங்காலக் காற்று குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. 2006-ல் டாட் சோவர்ஸ் என்ற விஞ்ஞானி அந்தக் காற்றிலிருந்த மீத்தேனைச் சோதித்தார். கடல் ஹைட்ரேட்டிலிருந்து பெருமளவில் வந்ததற்கான அடையாளம் அதில் இல்லை. சதுப்பு நிலங்களிலிருந்து அதிகம் வந்திருக்கலாம் என்றார். கடலில் கசியும் மீத்தேனில் பெரும்பங்கை, காற்றை எட்டுமுன்பே நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. ஓடும் பொய் சொல்லவில்லை, பனியும் பொய் சொல்லவில்லை. ஒன்று அந்தக் கடலின் கதை. மற்றது உலகக் காற்றின் கதை. ஓட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. உயிரி இறந்த பிறகு அதன்மேல் புதிய சுண்ணாம்பு படிந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் நன்றாக இருக்கும் ஓடுகளாகத் தேடியெடுக்க வேண்டும்.

அதே கப்பல் 2006-ல் நம் வங்கக் கடலுக்கும் வந்தது. ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா - கோதாவரி படுகையில் துளையிட்டபோது, ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு மீத்தேன் ஹைட்ரேட் கலந்த சேறு கிடைத்தது! மறு ஆண்டு ஒரு பிரெஞ்சுக் கப்பல் அதே படுகையில் எடுத்த சேற்றில், மீத்தேன் கசியும் இடங்களில் வாழும் சிப்பிகளின் பழைய ஓடுகள் இருந்தன. ஆக, அங்கேயும் ஒரு காலத்தில் 'குபுக் குபுக்' கேட்டிருக்கிறது.