கூரை தாங்கினால்தான் குழாய் காக்கும்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய் தன் பெயரிலேயே ஓலையைச் சுமந்து நிற்கும் ஊர். பனையும் தென்னையும் தந்த மரத்திலும் கிடுகிலும் கூரை வேய்ந்து வாழ்ந்த கரையோரம் இது. இன்று ஓடும் தகடும் வந்துவிட்ட போதிலும், அவற்றைத் தாங்குவது பெரும்பாலும் கைமரமும் வளையுமே. மரக்கூரையில் தீப்பற்றினால் என்ன நேரும் என்பதை, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைப் பள்ளியொன்றில் கருகிய 94 பிஞ்சுகள் நமக்கு உணர்த்திச் சென்றனர்.

மரக் கட்டடத்துக்கு உலகம் கண்ட பாதுகாப்புகளுள் முதன்மையானது தானியங்கி நீர்த்தெளிப்பான். கூரையின் கீழ் ஓடும் குழாயில் எப்போதும் நீர் நிறைந்திருக்கும். அதன் முனையிலுள்ள சிறு கண்ணாடிக் குமிழ், வழக்கமாக 68 பாகை வெப்பத்தில் வெடித்து நீரைத் திறந்துவிடும். எம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2015இல் ஆறு மாடி மரக் கட்டடங்களுக்கு இடமளித்தபோது, இத்தெளிப்பான்களைக் கட்டாயமாக்கியது.

ஆனால் குழாயைப் பிடித்திருப்பது மரம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நீர் நிறைந்த ஓரங்குல இரும்புக் குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோ நிறையுடையது. அதனைப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாகவேனும் தாங்கிகள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தாங்கியும் தன் பங்கு நிறையைப் போல் ஐந்து மடங்கையும், அதற்கு மேல் 114 கிலோவையும் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 13ஆம் இலக்க நியமம். கணக்கிட்டால், 11 கிலோ சுமைக்கு 170 கிலோ வலு!

இது மிகையன்று. குமிழ் வெடித்து நீர் கீழே பாயும்போது, எதிர்விசை குழாயை மேலே உந்தும். முனை உறுதியாகப் பிடிக்கப்படாவிடின் அது துள்ளி எழும். நீர் தீயின் மீது விழாமல் வேறெங்கோ சிதறும்.

தாங்கியைப் பொருத்தும் இடமும் முக்கியமானது. வளையின் அடிப்புறத்தில் மேல்நோக்கி அறைந்த ஆணி, சுமை இழுக்க இழுக்கக் கழன்று வரும். விளிம்பை ஒட்டித் துளைத்தால் மரம் பிளக்கும். தீயில் முதலில் கருகுவதும் அவ்விளிம்பே. எனவே வளையின் பக்கவாட்டில், கிளைக் குழாயாயின் அடிவிளிம்பிலிருந்து இரண்டரை அங்குலமேனும் மேலே, தக்க திருகாணியால் பொருத்த வேண்டும். பனையிலோ வெளிப்புறமே வைரம். உட்புறம் மென்மையான சோற்றி. அதில் இறங்கும் திருகாணிக்குப் பிடிப்பில்லை. போதாக்குறைக்கு, உப்புக் காற்று இரும்பை அரித்துவிடும். துத்தநாகம் பூசிய பொருத்துகளும், காலந்தோறும் பரிசோதனையும் இங்கு இன்றியமையாதவை.

ஒவ்வொரு குடிசைக்கும் தெளிப்பான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதற்குரிய நீர்த்தொட்டியும் அழுத்தமும் எளிதில் கிட்டுவனவல்ல. ஆயினும் பலர் கூடும் மண்டபமோ, பாடசாலையோ, விருந்தினர் விடுதியோ மரக்கூரையுடன் எழும்போது, இக்கணக்கு கூரை ஏறுவதற்கு முன்பே போடப்பட வேண்டும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி அமைப்புகள், குழாய் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அதனை எந்த மரம், எந்த ஆணியால் தாங்குகிறது என்றும் கேட்க வேண்டும். தீ மூண்ட பின் கேட்கப்படும் கேள்விகளால் உயிர்கள் மீள்வதில்லை.