பேங்காக்ல ரூம் எங்க போடலாம்? டூரிஸ்ட் ஏரியாவுக்கு வெளியே ஒரு கணக்கு

வெளிநாடு போறப்போ ஃபிளைட் டிக்கெட்டுக்கு நாலு ஆப் திறந்து பார்க்கிற நாம, ஹோட்டலுக்கு மட்டும் "டூரிஸ்ட் ஏரியா நடுவுல இருக்கா?"ன்னு ஒரே கேள்வியோட முடிச்சுக்கிறோம். அந்தக் கேள்வி சரிதானான்னு பேங்காக்கை வச்சு பார்ப்போம்.

முதல் விஷயம், பேங்காக்ல "நடு"ன்னு ஒண்ணு கிடையாது. அரண்மனையும் வாட் போவும் ஆற்றங்கரைப் பழைய ஊர்ல. பெரிய மால்கள் சியாம்ல. ராத்திரிக் கொண்டாட்டம் சுகும்வித் பக்கம். பேக்பேக்கர்கள் கூடுற காவ்சான் ரோட்டுக்குப் பக்கத்துல ரயில் ஸ்டேஷனே இல்ல. அதனால எங்க தங்கினாலும் தினமும் பயணம் பண்ணித்தான் ஆகணும். அப்போ கேள்வியை மாத்தணும்: "எதுக்குப் பக்கத்துல?"ன்னு கேட்டா, பதில் "ரயிலுக்குப் பக்கத்துல."

நானும் அம்மாவும் போனப்போ ஆரிங்கிற ஏரியாவுல தங்கினோம். அம்மாவுக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம், கூடவே மூட்டு வலி. ஆரி, 1999-ல ஓட ஆரம்பிச்ச பிடிஎஸ் மேம்பால ரயில் பாதையில இருக்கு. சியாம்ல இருந்து அஞ்சாவது ஸ்டேஷன். சதுசக் வார இறுதிச் சந்தைக்கு எதிர்த்திசையில ரெண்டே ஸ்டேஷன். சுவர்ணபூமி விமான நிலையத்துல இருந்து ஏர்போர்ட் ரயில் ஏறினா சுமார் அரை மணி நேரத்துல பயா தாய்; அங்க மாறினா மூணாவது ஸ்டேஷன் ஆரி. பழைய ஊருக்கு மட்டும் கொஞ்சம் சுத்து. சியாம்ல மாறி சாலா டேங் போய், அங்கிருந்து எம்ஆர்டி சுரங்க ரயில். 2019-ல திறந்த சனாம் சை ஸ்டேஷன்ல இறங்கினா வாட் போ சில நிமிஷ நடை. ஆனா பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வேற வேற நிறுவனம். டிக்கெட் தனித்தனியா எடுக்கணும்.

இப்போ கணக்கு. தள்ளித் தங்குறதால ராத்திரிக்கு 1,500 ரூபாய் மிச்சம்னு வைங்க. அதுக்காகத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாப் பயணம்னா, உங்க லீவுல ஒரு மணி நேரத்தை 1,500 ரூபாய்க்கு விக்கிறீங்க. நாலு நாளுக்கு நாலு மணி நேரம், 6,000 ரூபாய். அந்தக் காசுக்கு அதே பட்ஜெட்ல பெரிய ரூம், நீச்சல் குளம், நல்ல தூக்கம் கிடைக்குதுன்னா லாபம். ரெண்டே ராத்திரிதான் தங்குறீங்க, இல்ல தினமும் நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவீங்கன்னா நஷ்டம். ரயில் நள்ளிரவோட நின்னுடும். அதுக்கப்புறம் கேப் செலவுதான்.

புக் பண்றதுக்கு முன்னாடி மூணு சோதனை.

ஒண்ணு, நேர்கோட்டுத் தூரத்தை நம்பாதீங்க. அங்க "சோய்"னு சொல்ற கிளைத்தெருக்கள்ல பல, முட்டுச்சந்து. மேப்ல 300 மீட்டர்னு தெரியிற ஹோட்டலுக்குச் சுத்திப் போக ஒரு கிலோமீட்டர் ஆகலாம். நடக்கிற வழியைப் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷத்துக்கு மேலன்னா அந்த வெயில்ல வேண்டாம். தனியாப் போறவங்களுக்கு சோய் முனையில ஆரஞ்சு சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரங்க இருப்பாங்க. அம்மாவை அதுல ஏத்த முடியாது.

ரெண்டு, ஸ்டேஷன்ல லிஃப்ட், எஸ்கலேட்டர் எந்த வாசல்ல இருக்குன்னு பாருங்க. மேம்பால ரயில்னா ஏறி இறங்குறது நிறைய. மூட்டு வலிக்காரங்களுக்கு ஹோட்டல் ஸ்டாரை விட இது முக்கியம்.

மூணு, சாப்பாடு. சைவம்னா மஞ்சள் கொடியில சிவப்பா, பார்க்க 17 மாதிரி இருக்கிற எழுத்தைத் தேடுங்க. அது "ஜே". கறி, மீன், முட்டை, பால் மட்டுமில்ல, வெங்காயம் பூண்டு கூட இல்லாத சமையல்.

காசுக் கணக்குல வராத ஒண்ணும் இருக்கு. ஆரி, வருமான வரித்துறைத் தலைமையகம் மாதிரி அரசு அலுவலகங்கள் இருக்கிற ஏரியா. தெருக்கடைங்க அங்க வேலை பார்க்கிறவங்களுக்காக நடக்குது. கையைப் பிடிச்சு இழுக்க ஆளில்ல. மூணாம் நாள் காலையில நான் எழுந்தப்போ அம்மா ரூம்ல இல்ல. பத்து நிமிஷத்துல ஒரு கவர் நிறைய நறுக்கின கொய்யாவோட வந்தாங்க. "விரலைக் காட்டினேன், அந்தப் பொண்ணும் விரலைக் காட்டிச்சு. அவ்வளவுதான்டா." முதல் ரெண்டு நாள் என் கையை விடாம ரோடு தாண்டினவங்க அவங்க.

அதனால அடுத்த தடவை ரூம் தேடும்போது, கூட வர்றவங்க நீங்க இல்லாம கீழே இறங்கிப் போய் ஒரு பழம் வாங்கிட்டு வர முடியுமான்னும் ஒரு ஃபில்டர் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.