ஆறு பந்து, ஆறு யார்க்கர்: 26 நாள் நடந்த முதல் டி.என்.பி.எல் சீசன் யாருக்குக் கதவைத் திறந்தது?

சூப்பர் ஓவர்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேட்ச் டை ஆனா ஆளுக்கு ஒரு ஓவர், அதுல முடிவு. 2016-ல தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் சீசன்ல திண்டுக்கல் டிராகன்ஸ், தூத்துக்குடி அணியான டூட்டி பேட்ரியாட்ஸுடன் மோதிய மேட்ச் அப்படித்தான் சூப்பர் ஓவருக்குப் போனது. பேட்டிங் முனையில் அபினவ் முகுந்த், இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர். பந்து, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த ஓர் இடது கை வேகப்பந்து வீச்சாளர் கையில். ஆறு பந்து. ஆறும் யார்க்கர்.

அந்தப் பந்துவீச்சாளர் டி.நடராஜன். சில மாதம் கழித்து நடந்த 2017 ஐ.பி.எல் ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் எடுத்த விலை 3 கோடி.

'ஒரு லீக், ஒரு ஓவர், ஒரு கோடீஸ்வரன்'னு இந்தக் கதையை ரீல்ஸ்ல 30 செகண்டுல முடிச்சுடுவாங்க. ஆனா கான்சாபுரத்திலோ ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கண்மாய் வத்தினதும் ஸ்டம்ப் நடுற ஒரு பையன் தெரிஞ்சுக்க வேண்டியது அந்த ஓவருக்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்ததைத்தான்.

முதல்ல, அந்த சீசன் ஏன் வந்தது? அந்த வருஷம் ஐ.பி.எல்லில் சென்னை அணியே கிடையாது. லோதா கமிட்டி 2015 ஜூலையில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு இரண்டு வருஷத் தடை போட்டிருந்தது. மஞ்சள் சட்டைகள் பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எட்டு அணிகளோடு தனி லீக் தொடங்கியது. சேப்பாக்கம், தூத்துக்குடி, திண்டுக்கல், மதுரை, காரைக்குடி, கோவை, திருவள்ளூர், காஞ்சி. ஆடியவர்கள் தமிழ்நாட்டு வீரர்கள். ஆகஸ்ட் 24-ல் தொடங்கி செப்டம்பர் 18-ல் ஃபைனல், மொத்தம் 26 நாள். மேட்ச்கள் சேப்பாக்கத்தில் மட்டுமல்ல, நத்தம் என்.பி.ஆர் கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானத்திலும் நடந்தன. நம்ம பக்கத்து ஆளுங்க சங்கரன்கோவில் வழியா பஸ் பிடிச்சா டி.வி-யில் பார்க்குற மேட்ச்சை நேர்லயே பார்த்துட்டு வரலாம் என்பது அப்போ பெரிய விஷயம்.

ஃபைனலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டூட்டி பேட்ரியாட்ஸ் 20 ஓவரில் 215 அடித்தது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 93-ல் சுருண்டது. 122 ரன் வித்தியாசம். ஒருதலைப்பட்சமான, கொஞ்சம் போரடிக்கிற ஃபைனல்தான். அந்த சீசனின் மிச்சம் கோப்பையில் இல்லை.

ஊர் பேரு ஒண்ணு, ஆளு வேற!

இங்கே நிறைய பேர் குழம்புற ஒரு விஷயம் இருக்கு. தூத்துக்குடி அணின்னா தூத்துக்குடிப் பசங்க ஆடுவாங்கன்னு அர்த்தம் இல்லை. டூட்டி அணியில் ஆடிய தினேஷ் கார்த்திக் சென்னைக்காரர். சேலத்து நடராஜன் ஆடியது திண்டுக்கல்லுக்கு. காரணம், அப்போது வீரர்களைப் பிரித்த முறை 'டிராஃப்ட்'. ஐ.பி.எல் மாதிரி ஏலம் கிடையாது. மாநிலம் முழுக்க உள்ள வீரர்களின் ஒரே பட்டியல். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும். தெருவில் இரண்டு கேப்டன்கள் 'எனக்கு இவன், உனக்கு அவன்'னு ஆள் பிரிப்பாங்களே, அதேதான்.

இந்த டிராஃப்டுக்குப் பேர்போன இடம் அமெரிக்கா. அங்கே மேஜர் லீக் பேஸ்பாலில் 1965-லிருந்து இருக்கிறது. அதோடு அவர்களிடம் இன்னொரு ஏற்பாடும் உண்டு: மைனர் லீக். மேல் மட்டத்தில் 30 அணிகள்; ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன ஊர்களில் முழு சீசன் ஆடும் நான்கு படிகளில் நான்கு அணிகள், ஆக 120. பையனை எடுத்த பெரிய அணியே அவனுக்குச் சம்பளம் கொடுத்து, கோச் வைத்து, படிப்படியாக மேலே கொண்டுவரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனா அந்தச் சம்பளம் ரொம்ப நாள் சொற்பமாகத்தான் இருந்தது. 2020-ல் கொரோனாவால் மைனர் லீக் சீசனே ரத்து. அடுத்த வருஷம் சுமார் 40 அணிகளைக் கழட்டிவிட்டார்கள், அத்தனை சின்ன ஊர்களும் தங்கள் இடத்தை இழந்தன. 2022-ல் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் 2023-ல் மேல்படிக்கு வருஷத்துக்கு 35,800 டாலர் என்று குறைந்தபட்சச் சம்பளம் உறுதியானது. அதே வருஷம் மேஜர் லீக்கில் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரு படி தாண்டினால் இருபது மடங்கு!

டி.என்.பி.எல்லை ஐ.பி.எல்லின் மைனர் லீக் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மைனர் லீக் ஓர் ஏணி. டி.என்.பி.எல் ஒரு ஜன்னல். சில வாரம் திறந்திருக்கும், உள்ளே இருப்பவர்களை வெளியே உள்ளவர்கள் பார்ப்பார்கள், அப்புறம் மூடிவிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டிய வேலை மொத்தமும் நம்முடையது.

நடராஜன் அங்கே எப்படி வந்து நின்றார்னு பாருங்க. கிட்டத்தட்ட 20 வயது வரை ஊரில் டென்னிஸ் பால்தான். நாம் ஆடுற அதே ஆட்டம்: ஃப்ளெக்ஸ் பேனர், சுழற்கோப்பை, கடைசி ஓவரில் காலடியில் குத்துற பந்து. அந்த யார்க்கர் அங்கே பழகியதுதான். சொந்த ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் வழிகாட்ட, சென்னைக்கு வந்து லீக்கின் நான்காவது டிவிஷனில் இருந்து ஆரம்பித்தார். (பின்னாளில் ஐ.பி.எல் ஜெர்சியில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டது அவருக்காகத்தான்.) 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக முதல் ரஞ்சி மேட்ச். உடனே அடி: பந்துவீசும் முறை விதிப்படி இல்லை என்று புகார். அந்தச் சந்தேகத்தில் தொலைந்துபோன பௌலர்கள் நிறைய. இவர் ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்த நேரத்தில் எதிரே இருந்ததுதான் 2016 டி.என்.பி.எல். அந்த ஜன்னல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்த ஆறு யார்க்கரை நேரில் இருந்த சில பேர்தான் பார்த்திருப்பார்கள்.

அதுக்கப்புறமும் எல்லாம் சுபம் இல்லை. 3 கோடிக்குப் போன சீசனில் 6 மேட்ச், 2 விக்கெட். அடுத்து 40 லட்சத்துக்கு ஹைதராபாத். 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட ஆடாமல் வெளியே. 2020-ல் 16 விக்கெட். அந்த டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஒருநாள், டி20 அறிமுகம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். சூப்பர் ஓவரிலிருந்து இந்தியத் தொப்பி வரை நான்கு வருஷம்.

அதே ஜன்னல் வழியாகத்தான் 2018-ல் மதுரை பேந்தர்ஸுக்கு ஆடிய வருண் சக்கரவர்த்தி ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார், அடிப்படை விலை 20 லட்சம். 2023-ல் டி.என்.பி.எல்லும் டிராஃப்டை விட்டுவிட்டு ஏலத்துக்கு மாறியது. அதில் கோவை அணி சாய் சுதர்சனுக்குக் கொடுத்தது 21.6 லட்சம். அப்போது ஐ.பி.எல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம்!

சரி, நம்ம விருதுநகர் மாவட்டம்? முதல் சீசனிலும் நம்ம பேரில் அணி இல்லை, இப்போதும் இல்லை. இதில் வருத்தப்பட ரொம்ப இல்லைன்னு நினைக்கிறேன். அணிப் பெயர் எந்த ஊர்ப் பையனையும் மேலே ஏற்றியதில்லை. முதல் சாம்பியனான தூத்துக்குடியின் பெயரே இன்று லீக்கில் கிடையாது. காரைக்குடி திருப்பூர் ஆனது, காஞ்சி வாரியர்ஸ் திருச்சி வாரியர்ஸ் ஆனது. பெயர்கள் ஓனர் கணக்குப்படி மாறும். மாறாமல் இருப்பது கீழ்ப்படி: மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் லீக், வயது வாரியான மாவட்டத் தேர்வு, தைத்த பந்து. தேர்வு எப்போதுன்னு பள்ளி பி.டி சாரிடமோ, லீக் ஆடுற கிளப் அண்ணன்களிடமோ கேட்டு வைங்க. 20 வயசு வரை டென்னிஸ் பாலிலேயே இருந்து நடராஜன் மேலே வந்தார் என்பது உண்மைதான். அவரோடு சேர்ந்து ஆடிய மத்தவங்க பெயர் நமக்குத் தெரியாது என்பதும் உண்மை.