'ஈக்வல் டு' பட்டனைக் காணோம் பாஸ்!

கால்குலேட்டர்னா '=' பட்டன் இருக்கணும்ல? 'ஹெச்.பி-42எஸ்'ல அது கிடையாது! 1988-ல் 120 டாலர் விலையில் வந்து, 1995-ல் தயாரிப்பு நின்றுபோன அமெரிக்க மாடல். நாமே புரோகிராம் எழுதி அதில் சேமிக்கலாம். மெமரி சுமார் 7,200 பைட்தான். உங்க போனில் ஒரு செல்ஃபிகூட அதில் அடங்காது!

அந்தப் பழைய கில்லாடி இப்போ ஸ்மார்ட்போனில் இலவசமாக உலா வருது. தாமஸ் ஒக்கன் என்பவர் உருவாக்கிய 'ஃப்ரீ42'தான் அந்த ஆப். ஹெச்.பி-யின் கோடு ஒரு வரிகூட எடுக்காமல், முதலிலிருந்து அவரே எழுதியது. ஒரிஜினலுக்காக எழுதிய புரோகிராம்கள் இதிலும் ஓடும். சரி, டெஸ்ட் பண்ணிடலாமா?

ரவுண்ட் 1: (3+4)×(5+6). அடைப்புக்குறியைத் தேடாதீங்க, அதுவும் கிடையாது. 3, என்டர், 4, +, 5, என்டர், 6, +, ×. அவ்வளவுதான், 77! முதலில் எண்கள், அப்புறம் குறி. இதுக்குப் பேர் ஆர்.பி.என். முதல் விடை 7 ஒரு அடுக்கில் போய் உட்கார்ந்து, 11 வரும்வரை சமர்த்தாகக் காத்திருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட 'ஸ்டேக்' இதுதான் மக்களே!

ரவுண்ட் 2: புரோகிராம். உருளையின் கன அளவு வேணும். ஆரத்தை வர்க்கப்படுத்து, பெருக்கு, பை-யைக் கூப்பிடு, பெருக்கு. நாலே வரி! உயரம் 10, என்டர், ஆரம் 2 கொடுத்து ஓடவிட்டால் 125.66. வேரியபிளுக்குப் பேர் வைக்கிற வேலைகூட இல்லை. ஆனா, எந்த எண் எந்த அடுக்கில் இருக்குன்னு உங்க மூளைதான் கணக்கு வெச்சுக்கணும்.

ரவுண்ட் 3-லதான் ட்விஸ்ட். 2-க்கு வர்க்கமூலம் எடுங்க. விடையை வர்க்கப்படுத்துங்க. அதிலிருந்து 2-ஐக் கழிங்க. ஆப்பின் டெசிமல் பதிப்பு 'பூஜ்யம்'னு சொல்லும். அசல் 42எஸ் அப்படிச் சொல்லாது! அதுக்குத் தெரிஞ்சது 12 இலக்கம்தான். 1.41421356237-ஐ வர்க்கப்படுத்தி 12 இலக்கத்துக்குச் சுருக்கினால் 1.99999999999. கடைசி இலக்கத்தில் ஒன்று குறையுது. ஆப் 34 இலக்கம் வரை கணக்குப் போடுவதால், அந்தக் குறை ரவுண்ட் பண்ணும்போது காணாமல் போயிடுது.

'அப்போ காப்பிதானே ஒரிஜினலைவிட பெட்டர்?'னு கேட்டா, விடைக்கு ஆமாம். ஆனா, எந்தக் கருவியும் ஏதோ ஒரு இலக்கத்தில் வெட்டித்தான் ஆகணும் என்கிற உண்மையைப் பழைய மெஷின் மூஞ்சிக்கு நேரா காட்டுச்சு. ஆப் அதை நாசூக்கா மறைக்குது. சின்னப் பிழை ஒரு லூப்பில் ஆயிரம் தடவை சுற்றினால் என்ன ஆகும்னு யோசிக்கவேண்டிய இன்ஜினீயர்களுக்கு, அந்த ஒன்பதுகள் கண்ணில் படுவது நல்லதுதானே?

அதனால ஆப்பைத் தாராளமா இறக்கிக்கோங்க. கூடவே, உங்க போனோடு வந்த கால்குலேட்டரிலும் அதே வர்க்கமூல டெஸ்ட்டைப் போட்டுப் பாருங்க. சுத்தமா பூஜ்யம் வந்தா உடனே கைதட்டாதீங்க. பிழை எங்கே ஒளிஞ்சிருக்குன்னு ஒரு நிமிஷம் தேடுங்க!