கீழே கடை, மேலே வீடு: கடைவீதியில் கட்டடம் வாங்கும் முன்

வாடகைக் கடையில் இருபது வருடம் வியாபாரம் செய்தவருக்குக் கையில் நாலு காசு சேர்ந்ததும் தோன்றும் முதல் எண்ணம், ஒரு சொந்தக் கட்டடம் வேண்டும் என்பதுதான். அதிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற வசதியுள்ளோர் வாழும் இடங்களில், கீழே கடையும் மேலே இரண்டு மூன்று வீடுகளும் கொண்ட கட்டடம் விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னால் அன்றிரவு தூக்கம் வராது. கடை வாடகை ஒரு பக்கம், வீட்டு வாடகை ஒரு பக்கம், நிலத்தின் மதிப்பு வேறு ஏறிக்கொண்டே போகும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இந்த எண்ணம் தவறானதல்ல. ஆயினும் சென்ற சில ஆண்டுகளில் நம் உறுப்பினர்கள் பலர் இதைப் பற்றி விசாரித்து வருவதாலும், அவர்களில் சிலர் அட்வான்ஸ் கொடுத்த பிறகே விசாரிப்பதாலும், அறிய வேண்டிய விவரங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வரவு செலவு. உதாரணத்துக்கு ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். விலை 6 கோடி ரூபாய். கீழ்த்தளக் கடை மாதம் 1,25,000 ரூபாய், முதல் மாடியில் ஒரு டாக்டர் கிளினிக் 60,000 ரூபாய், அதற்கு மேல் இரண்டு வீடுகள் தலா 35,000 ரூபாய். ஆக மாதம் 2,55,000. வருடத்துக்கு 30 லட்சத்து 60 ஆயிரம். தரகர் சொல்வது இந்த ஒரு கணக்கை மட்டும்தான். நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் வருகிறதே என்பார்.

அவர் சொல்லாதது இது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, மாற்றுவரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் ஆகிறது. 6 கோடிக்கு அது 54 லட்சம். ஆக நாம் போடும் முதல் 6 கோடியே 54 லட்சம். வருடத்தில் சராசரியாக ஒரு மாத வாடகையாவது காலியாகவோ பாக்கியாகவோ போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்துவரி, பொது விளக்கு, மோட்டார், காவலாள், இன்ஷூரன்ஸ், வெள்ளையடிப்பு என்று குறைத்து மதிப்பிட்டாலும் 3 லட்சத்து 20 ஆயிரம் போகும். மிஞ்சுவது 24 லட்சத்து 85 ஆயிரம். அதாவது போட்ட முதலுக்கு நூற்றுக்கு 3 ரூபாய் 80 காசு. வருமான வரி இன்னும் கழிக்கவில்லை. வாடகை வருமானத்தில் கட்டிய சொத்துவரி போக மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது ஓரளவு ஆறுதல்.

இதற்கு வங்கியில் 3 கோடி ரூபாய் 10 சதவீத வட்டியில் வாங்கினால் முதல் வருட வட்டி மட்டுமே ஏறக்குறைய 30 லட்சம். செலவு போக மிஞ்சும் வாடகை முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அசலுக்கு வேறு கடையிலிருந்து எடுக்க வேண்டும். கடையில் புரளும் பணமோ, 3 சதவீத நிகர லாபத்தில் வருடம் ஆறு முறை சரக்கு திரும்பினால் 18 சதவீதம் ஈட்டித்தரும் பணம். அதை எடுத்து 3.80 சதவீதத்தில் செங்கல்லாக மாற்றுகிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். கட்டடம் நல்ல கட்டடம், இடமும் நல்ல இடம். ஆனால் பருப்பு மில்காரர்களுக்கு எட்டாம் நாள் பணம் கொடுத்துப் பழகியவர் நாற்பதாம் நாள் கொடுக்க ஆரம்பித்தார். ரொக்கத் தள்ளுபடி போயிற்று. பிறகு நல்ல சரக்கு முதலில் வேறு கடைக்குப் போயிற்று. மூன்று வருடத்தில் அவரிடம் வாடிக்கையாக வாங்கிய சில்லறைக் கடைக்காரர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். கட்டடத்தின் விலை ஏறித்தான் இருந்தது. ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்புக்கு ஒரு சதுர அடியை வெட்டிக் கொடுக்க முடியாதே!

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள் என்றால், கலப்புக் கட்டடத்துக்கென்று ஒரு தனிப் பலம் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது முழுக்க முழுக்கக் கடைகளே உள்ள கட்டடக்காரர்கள் மாதக்கணக்கில் வாடகை கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தார்கள். மேலே குடித்தனம் இருந்த கட்டடங்களில் வீட்டு வாடகை பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது. கடை வாடகை அதிகம், ஆனால் காலியானால் ஆறு மாதம்கூடப் பூட்டிக் கிடக்கும். வீட்டு வாடகை குறைவு, ஆனால் பள்ளிக்கூடமும் கோயிலும் அருகில் இருக்கிற நடுநகரில் ஒரு வீடு நெடுநாள் காலியாக இருக்காது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்குவதுதான் இம்முதலீட்டின் சாரம். எனவே மேல் வீடுகளைக் காலி செய்துவிட்டு எல்லாவற்றையும் கடையாக்கினால் இரட்டிப்பு வாடகை வரும் என்று யாராவது ஆசை காட்டினால், இந்தப் பலத்தையும் சேர்த்தே விற்கிறோம் என்று அறிக.

அந்த ஆசைக்கு இன்னொரு தடையும் உண்டு. தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவாக வைத்துக் குடியிருப்பாகவே அமைக்கப்பட்ட பகுதி. கடைகள் பின்னால் வந்தவை. வீட்டுக்கென்று வரைபட அனுமதி பெற்று, கடையாகவும் கிடங்காகவும் மாற்றி, அனுமதியில்லாத மாடியும் எழுப்பிய கட்டடங்கள் அங்கே எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2011-இல் தீபாவளி முடிந்த கையோடு ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் சி.எம்.டி.ஏ. பல கட்டடங்களுக்குச் சீல் வைத்தது. அடுத்த பொங்கலை ஒட்டி உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் அவை தற்காலிகமாகத் திறந்தன. அதுவரை சரக்கு உள்ளே, கடன்காரர் வெளியே. 2017 மே 31 அன்று அதிகாலை உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் பிடித்த தீ மறுநாளும் எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க நேர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மாடியில் கிடங்கும் அதற்கு மேல் குடும்பங்களும் ஒரே படிக்கட்டை நம்பி இருக்கும் கட்டடத்தை, எவ்வளவு மலிவாக வந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நாளை ஓர் அசம்பாவிதம் நடந்தால் பத்திரத்தில் இருப்பது நம் பெயர்.

ஆகவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு இன்ஜினியரை அழைத்துக்கொண்டு, தளம் தளமாக நடந்து பாருங்கள். எந்தத் தளம் எதற்கென்று அனுமதிக்கப்பட்டது, இன்று என்ன நடக்கிறது, பின்பக்கக் காலியிடத்தில் ஷெட் போட்டிருக்கிறதா, வாகன நிறுத்தம் என்று காட்டிய இடத்தில் கடை இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். 2008-இல் வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்றும் கேளுங்கள். கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில் செல்லுகிற உபயோகம் முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் செல்லாது. மின் இணைப்பையும் பாருங்கள். மாடியில் கிளினிக்கோ டியூஷனோ நடக்கிறது, மீட்டரோ வீட்டுக் கட்டணத்தில் ஓடுகிறது என்றால் அந்த வித்தியாசம் ஒருநாள் நம் தலையில் விடியும்.

அடுத்து அடிமனை. மயிலாப்பூர் மாடவீதிகளின் சுற்றுவட்டாரத்தில் பல கட்டடங்கள் நிற்கும் மனை கோயிலுக்குச் சொந்தம். விற்பவர் கட்டடத்துக்கு மட்டுமே உரியவர். அடிமனைக்கு அவர் வாடகைதாரர். 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டப்படி அடிமனையை விலைக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று சில தரகர்கள் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். 1996-இல் வந்த திருத்தத்துக்குப் பின் சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றோடு நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் அவசியம் வாங்கி, அதில் யார் பெயர் இருக்கிறது என்று நம் கண்ணாலேயே பாருங்கள். வக்கீல் பார்த்தார் என்று விட்டுவிடாதீர்கள்.

முழுக் கட்டடம் வாங்க வசதியில்லாமல், அடுக்குமாடியின் கீழ்த்தளக் கடையை மட்டும் வாங்குவோரும் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது பிரிபடாத நிலப் பங்கு. கடைக்குச் சதுர அடி விலை மாடி வீட்டைப்போல் இரண்டு மடங்கு கொடுத்திருப்போம்; நிலத்தில் பங்கு மட்டும் கடுகளவு எழுதியிருக்கும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். மேலே உள்ள வீட்டுக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் தீர்மானித்தால் நம் கடை இரண்டு மூன்று வருடம் தெருவில். திரும்பக் கட்டும்போது கீழ்த்தளத்தை வாகன நிறுத்தமாக்கிவிட்டால் கடைக்கு இடம் எங்கே? இதை எழுத்தில் தீர்த்துக்கொண்டே வாங்க வேண்டும்.

இனி வாடகைதாரர்கள். நாமே வாடகைக்காரராக இருந்து பழகியதால், கட்டடக்காரரின் கஷ்டம் நமக்குப் புரிவதில்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகிறது. ஆனால் முப்பது வருடம் முன்பு பகடி கொடுத்துக் கடை பிடித்தவர், சட்டம் மாறிவிட்டது என்று சொன்னதும் எழுந்து போய்விடமாட்டார். பகடிக்கு ரசீது கிடையாது. அவருடைய நியாயமும் பொய்யில்லை. அவரோடு பேசாமல், விற்பவரின் வாய்வார்த்தையை நம்பி வாங்குவது கோர்ட் வழக்கை விலைக்கு வாங்குவதாகும்.

கிரயத்துக்கு முன்பே ஒவ்வொரு வாடகைதாரரிடமும், என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், எந்தத் தேதி வரை ஒப்பந்தம், பாக்கி உண்டா என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கிவிடுங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் கடைக்குப் பத்து மாத அட்வான்ஸ் 12 லட்சத்து 50 ஆயிரம், கிளினிக்குக்கு ஆறு மாதம் 3 லட்சத்து 60 ஆயிரம், வீடுகளுக்கு ஐந்து மாதம் வீதம் 3 லட்சத்து 50 ஆயிரம், ஆக 19 லட்சத்து 60 ஆயிரம் விற்பவர் கையில் இருக்கிறது. அவர்கள் காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டியவர் நாம். இத்தொகையை விலையில் கழித்துக்கொள்ள மறந்து, பிறகு கைப்பணத்திலிருந்து கொடுத்தவர்கள் உண்டு.

கடைக்கும் வீட்டுக்கும் நடக்கும் தினசரிச் சண்டையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே ஓட்டல் வைத்தால் வாடகை அதிகம் கிடைக்கும். புகையும் எண்ணெய் வாடையும் கேஸ் சிலிண்டரும் மேலே குடித்தனத்தை நிற்க விடாது. மருந்துக்கடை, நகைக்கடை, ஜவுளி, வங்கிக் கிளை என்றால் தொல்லை குறைவு. மாடிக்குத் தனிவாசல், தண்ணீருக்குத் தனித் தொட்டி, விளம்பரப் பலகை ஜன்னலை மறைக்காத உயரம் இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தரைக்குக் கீழே தளம் இருந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தியாகராய நகரில் தண்ணீர் நின்றதை நாம் பார்த்தோம்.

தெருவின் போக்கும் மாறும். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் வந்தது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. நடப்பவர்களுக்கு நல்ல வசதி. அதே சமயம் முன்பு கடை வாசல் வழியாகப் போன கூட்டத்தில் ஒரு பகுதி இப்போது தலைக்கு மேலே போகிறது. பனகல் பூங்கா அருகே மெட்ரோ சுரங்க நிலையத்துக்காகச் சாலையை அடைத்த காலத்தில் அப்பக்கத்துக் கடைக்காரர்கள் பட்ட பாடும் தெரிந்ததே. வாங்கப் போகும் தெருவில் காலை பத்து மணிக்கும் மாலை ஏழு மணிக்கும், வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நின்று, எத்தனை பேர் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாலையின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்குமே வாடகை மாறும்.

வரி விஷயத்தில் நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் ஜி.எஸ்.டி.யில். கடைவாடகைக்கு 18 சதவீதம் உண்டு. 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு வேண்டாமே என்பார்கள். ஆனால் வியாபாரத்துக்காக ஏற்கெனவே பதிவு பெற்றவர் அதே பான் எண்ணில் கட்டடம் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே கடைவாடகைக்கு வரி விதிக்க வேண்டும். இணக்க முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிக்கு இன்னும் சிக்கல்: சேவை வருமானம் விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் அந்த முறையையே இழப்பார். பதிவு பெறாத மனைவி பெயரில் வாங்கிப் பதிவு பெற்ற கடைக்காரருக்கு விட்டால், 2024 அக்டோபர் 10 முதல் அந்தக் கடைக்காரரே நேரடியாக வரி கட்ட வேண்டும். இணக்க முறையினருக்கு இதில் விலக்கு உண்டு. குடும்பம் வசிக்கும் வீட்டு வாடகைக்கு வரி இல்லை. எனவே யார் பெயரில் வாங்குவது என்பதை ஆடிட்டரைக் கேட்டு, பத்திரம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சொத்துவரியும் கவனிக்கத்தக்கது. 2022-இல் பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம் உயர்த்தினார்கள். கூடுதல் வரியைக் கடைக்காரர் ஏற்பார் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாதவர்கள் கையைப் பிசைந்தார்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேலென்றால், வாங்குகிற நாம்தான் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதும் பலருக்கு நோட்டீஸ் வந்த பிறகே தெரிகிறது.

சொந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு நம் கடையையே மாற்றுவோர் ஒரு காரியம் செய்ய வேண்டும். வெளியாருக்கு விட்டால் என்ன வாடகை வருமோ, அதைக் கடைக்கணக்கில் மாதாமாதம் செலவாக ஒரு தனி நோட்டிலாவது எழுதி வாருங்கள். வாடகை இல்லை என்பதால் மட்டும் லாபமாகத் தெரிகிற கடைகள் நம் தெருக்களில் அநேகம். ஒரு வருடம் எழுதிப் பார்த்தால், கடை கட்டடத்தைக் காப்பாற்றுகிறதா, கட்டடம் கடையைக் காப்பாற்றுகிறதா என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.